பரம்பரையும் பஞ்சுத் தூசியும்

(கனகசெட்டிக்குளத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஊருக்குள்ளே இரண்டு வீடுகளில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம். இரண்டு வீடுகளிலும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். நாம் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டு அந்தக் கேள்விகளுக்கே பதில் சொல்லலாம் என்று தீர்மானித்தோம்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர். பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். நாலு அடி நடந்தால் மூச்சு இளைக்கிறது. அவருடைய தகப்பனாரும் ஆலைத் தொழிலாளிதான். அவருக்கும் இதே இளைப்பு இருந்ததாம். ஆலைக்குப் போன மகனுக்கும் இப்போது இருமல். "எங்க வம்சத்துக்கே இளைப்புன்னு அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு தோழர். ரத்தத்துல வந்தது. யாரை நோகறது?" என்றார் பெரியவர்.

இரண்டாவது வீட்டில் ஒரு தாய். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மூன்று பெண்குழந்தைகள். "மூணும் பொட்டையாப் பெத்துப் போட்டவ"ன்னு மாமியார் ஏசுகிறார். "புருஷன் வேற கல்யாணம் பண்ணிக்கட்டுமான்னு கேக்கறாங்க. என் வயித்துலதான் கோளாறாண்ணே?" என்று கேட்டார்.

தோழர்களே, இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றிய கேள்விகள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை? எப்படி வருகிறது? இதை ஆராய்கிற விஞ்ஞானத்துக்குப் பாரம்பரிய விஞ்ஞானம் என்று பெயர். மரபியல் என்றும் சொல்வார்கள்.

இந்த விஞ்ஞானத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளை. பெயர் கிரெகோர் மெண்டல். 1822-இல் அன்றைய ஆஸ்திரியச் சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் வாரத்துக்கு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் வெட்டிவேலை செய்தாக வேண்டும். கூலி கிடையாது. நம் பண்ணையாட்களின் பழைய கதைதான். படிக்க வசதியில்லாத அந்தப் பையன், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வழி கிடைக்கும் என்பதற்காகப் புருன் நகரத்து மடத்தில் சாமியாராகச் சேர்ந்தார். மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி பயிரிட்டார். சும்மா பயிரிடவில்லை, எண்ணினார். ஏறத்தாழ 28,000 செடிகள்!

அக்காலத்துப் பண்டிதர்கள் என்ன நினைத்தார்கள்? தாயின் குணமும் தந்தையின் குணமும் பாலும் டிக்காஷனும் போலக் கலந்துவிடும் என்று நினைத்தார்கள். காப்பி கலந்த பிறகு பாலைத் தனியாகப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் மெண்டல் கண்டது வேறு. உருண்டைப் பட்டாணியையும் சுருக்கம் விழுந்த பட்டாணியையும் மணம்சேர்த்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் தொலைந்துபோயிற்று என்றுதான் யாரும் சொல்வார்கள். அந்த உருண்டைகளையே மறுபடி விதைத்து, தம்முள்ளேயே சூல் கொள்ளவிட்டார். வந்த மணிகள் 7,324. அவற்றில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். தொலைந்துபோன சுருக்கம் கொஞ்சமும் மங்காமல் திரும்பி வந்துவிட்டது! அதுவும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

ஆகவே இது காப்பி அல்ல. அரிசியும் உளுந்தும் கலந்து கிடப்பதைப் போன்றது. எவ்வளவு கலந்தாலும் அரிசி அரிசியாகவே இருக்கும், உளுந்து உளுந்தாகவே இருக்கும். பொறுமை இருந்தால் தனித்தனியாகப் பொறுக்கிவிடலாம்.

ஏன் நாலில் ஒன்று? ஒவ்வொரு குணத்துக்கும் செடியிடம் இரண்டு மணிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது காசு சுண்டிப் போடுவதைப் போல. இரண்டு காசைச் சேர்த்துச் சுண்டுங்கள். இரண்டும் தலை விழலாம். ஒன்று தலை, ஒன்று பூ என்று இரண்டு விதமாக விழலாம். இரண்டும் பூ விழலாம். இரண்டும் பூவாக விழுவது நாலில் ஒரு தடவைதான். உருண்டை மேலோங்கி நிற்கும் குணம். ஒரு மணி இருந்தாலே போதும், தலைகாட்டிவிடும். சுருக்கம் மறைந்து நிற்கும் குணம். இரண்டு மணியும் அதுவாக இருந்தால்தான் வெளியே தெரியும். அவ்வளவுதான் தோழர்களே, கணக்கு. தாயம் ஆடுகிற நம் பெண்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

1865-இல் மெண்டல் இதைச் சபையில் படித்தார். 1866-இல் அச்சாயிற்று. யாரும் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் இறந்துபோனார். 1900-இல்தான் உலகம் அதைத் தோண்டி எடுத்தது. பிறகு அந்த மணிக்கு ஜீன் என்று பெயரிட்டார்கள். நம் உடம்பு கோடானுகோடி ஜீவ அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் நூல்கண்டு போலச் சுருண்ட இழைகள் உண்டு. அவை குரோமோசோம்கள். மனிதனுக்கு 46, அதாவது 23 ஜோடி. நெல்லுக்கு 24. ஜீன்கள் இந்த இழைகளின்மேல்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இழையே டி.என்.ஏ. என்ற இரட்டை முறுக்குப் புரிதான் என்பது 1953-இல் தெரிந்தது. நூற்பாலைக்காரர்களுக்கு முறுக்கைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை!

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

23 ஜோடிகளில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு அந்த ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி. அவற்றுக்கு எக்ஸ் என்று பெயர். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றொன்று குட்டையான ஒய். தாயிடம் இருப்பதெல்லாம் எக்ஸ்தான். அவள் கொடுப்பதும் எக்ஸ்தான். தகப்பனோ எக்ஸைக் கொடுக்கலாம், ஒய்யைக் கொடுக்கலாம். எக்ஸைக் கொடுத்தால் பெண், ஒய்யைக் கொடுத்தால் ஆண். இதை 1905-இல் மாவுப்புழுக்களை வைத்து எடுத்துக்காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. தச்சுத் தொழிலாளியின் மகள்.

ஆகவே அம்மா, உங்கள் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை! பழி சொல்லித்தான் தீர வேண்டும் என்றால் மாமியார் தம் மகனைத்தான் ஏச வேண்டும். ஆனால் அவரை ஏசுவதிலும் நியாயம் கிடையாது. அவர் வேண்டுமென்று எக்ஸைப் பொறுக்கிக் கொடுக்கவில்லை. காசு சுண்டுகிற விவகாரம் அது. மூன்று தடவை பெண் விழுந்ததால் நாலாவது ஆண்தான் விழும் என்ற கணக்கும் தப்பு. காசுக்குப் பழைய ஞாபகம் கிடையாது. இன்னொருத்தியைக் கட்டி வைத்தாலும் அதே காசு, அதே சுண்டல். இதற்குள்ளே தரகர்கள் புகுந்து, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று காசு பிடுங்கினார்கள். அதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் ஏச்சு நிற்கவில்லை. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் தாயாரிடம் இந்த எக்ஸ், ஒய் கணக்கைச் சொல்ல வேண்டும். மேடையில் நாம் சொல்வதைவிட மகன் சொன்னால்தான் மாமியார் காதில் ஏறும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகள், அத்தை மகளைக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அதைப் பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் மெண்டலின் கணக்கு அங்கேயும் வேலை செய்கிறது. மறைந்து நிற்கும் கெட்ட ஜீன் ஏதாவது ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கும். ஒன்றுதான் என்பதால் தெரியாது. ஒருவரிடம் அப்படி ஒரு ஜீன் பரம்பரையாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அக்காளிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காள் மகளிடம் இருக்கக் கால் பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. உறவில்லாத பெண்ணிடம் அதே ஜீன் இருப்பது இதைவிட மிக அபூர்வம். இருவரிடமும் இருந்துவிட்டால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிறவிச் செவிடு சில, பிறவி வெண்மை நோய், ரத்தம் ஊறாத தலசீமியா, இவையெல்லாம் இப்படி வருபவை. எல்லா முறைக் கல்யாணத்திலும் இப்படி ஆகிவிடாது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை இருந்தால், மறுபடி உள்ளுக்குள்ளேயே சம்பந்தம் பேசும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சொத்து வெளியே போய்விடும் என்று மிராசுதார் உறவுக்குள் முடிச்சுப் போடுவது அவருக்கு லாபம். நமக்கு எந்தச் சொத்து வெளியே போகப் போகிறது?

விவசாயத் தொழிலாளர் தோழர்கள், "இந்தக் கணக்கு பட்டாணிக்குச் சரி, நெல்லுக்கு?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

1962-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு நெல்லை இணைத்தார்கள். ஒன்று பேட்டா. நெட்டையாக வளரும், உரம் போட்டால் கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரை அறுக்கிற பாடு உங்களுக்குத் தெரியும். மற்றது தைவான் நாட்டுக் குட்டை நெல். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அதன் விதையிலிருந்து ஏறக்குறைய 10,000 செடிகள் வளர்த்தார்கள். நாலில் ஒன்று குட்டை! மடத்துத் தோட்டத்துப் பட்டாணி சொன்ன அதே கணக்கு. குட்டைத்தனம் ஒரே ஒரு மறைந்து நிற்கும் ஜீனால் வருகிறது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. அந்தக் குட்டைகளிலிருந்து பொறுக்கி எடுத்து 1966-இல் வெளிவிட்டதுதான் ஐ.ஆர்.8. நம் தகப்பன்மார் ஐயாரெட்டு என்று சொல்வார்களே, அதுதான். உரத்தைத் தின்று சாயாமல் நின்றது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1965-இல், ஆடுதுறையில் வேறு வகையான இணைப்பில் ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் நெல்லும் நம் நாட்டு ஜி.இ.பி. 24-உம் பெற்ற பிள்ளை அது.

தஞ்சை ஜில்லாவில் நெல் பெருகிற்று. பெருகிய நெல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று? நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலி நெல்லைச் சற்றே உயர்த்திக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஜீன் நெற்பயிரின் உயரத்தைத் தீர்மானித்தது. கூலிப் படியின் உயரத்தைத் தீர்மானித்தது மிராசுதார்.

இனிச் சொல்லப்போவது நமக்குக் கசப்பானது. ஆனாலும் நம் பத்திரிகையில் நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஜீன் என்பதே கிடையாது, அது முதலாளித்துவப் புளுகு, விதையைக் குளிரில் வைத்துப் பழக்கினால் அதன் பரம்பரைக் குணமே மாறிவிடும் என்று சோவியத் யூனியனில் ஒருவர் சொன்னார். பெயர் லைசெங்கோ. குடியானவன் மகன் அவரும். பஞ்சத்துக்கு உடனடி மருந்து தருகிறேன் என்றார். மேலிடத்தில் செல்வாக்குப் பெற்றார். 1948 ஆகஸ்டில் அவர் சொன்னதே அதிகாரபூர்வமான விஞ்ஞானம் என்று ஆகிவிட்டது. மாற்றுக் கருத்துச் சொன்ன விஞ்ஞானிகள் வேலை இழந்தார்கள். அதற்கு முன்பே, நிக்கோலாய் வவிலோவ் என்ற மாமேதை 1940-இல் கைது செய்யப்பட்டார். உலகம் முழுதும் சுற்றிப் பயிர் விதைகளைச் சேர்த்தவர் அவர். மக்களின் பசியைப் போக்க உழைத்த அந்த மனிதர் 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் பட்டினியில் நலிந்து மாண்டார்.

அதே காலத்தில் லெனின்கிராடை நாஜிகள் முற்றுகையிட்டிருந்தார்கள். நகரமே பட்டினி. வவிலோவ் சேர்த்த விதைகளை அவருடைய சகாக்கள் காவல் காத்தார்கள். அவர்களில் நெல்லைப் பராமரித்தவர் திமித்ரி இவானோவ். ஆயிரக்கணக்கான பொட்டலம் நெல்லுக்கு நடுவே, ஒரு பிடியையும் தொடாமல், பட்டினியால் செத்தார். விதைநெல்லைச் சமைக்கக் கூடாது என்பது நம் வீட்டுக் கிழவிகளுக்கும் தெரியும். அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களும் சோவியத் மக்கள்தான். வவிலோவை 1955-இல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். லைசெங்கோவின் செல்வாக்கு 1965-இல் முடிந்தது. அந்தக் காலத்தில் நம் இயக்கத்தவர் பலர், நம் நாட்டிலும், மேலிடம் சொன்னது என்பதற்காகவே அதைச் சரி என்று பேசினார்கள். அது தவறு. பட்டாணியை எண்ணிப் பார்ப்பதற்குப் பதில் தீர்மானத்தைப் படித்தார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. ஜே.பி.எஸ். ஹால்டேன் என்று ஒருவர். இங்கிலாந்துக்காரர், பாரம்பரிய விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்றவர். நம் கட்சிக்காரர். டெய்லி ஒர்க்கர் பத்திரிகையில் தொழிலாளருக்காக வாராவாரம் விஞ்ஞானக் கட்டுரை எழுதியவர். லைசெங்கோ விவகாரத்தில் முதலில் தடுமாறினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜீனை மறுக்க அவரால் முடியவில்லை. 1950 வாக்கில் கட்சியிலிருந்து விலகினார். 1957-இல் நம் நாட்டுக்கு வந்து கல்கத்தாவில் வேலை செய்தார், இந்தியப் பிரஜையானார். 1964 டிசம்பர் 1-இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள், மாணவர்கள் அறுத்துப் படிக்க.

லைசெங்கோ ஒரு பக்கத்துப் பள்ளம் என்றால், மறுபக்கத்துப் பள்ளம் இன்னும் ஆழமானது. எல்லாம் பிறப்பிலேயே வந்தது, மேல்ஜாதிக்காரன் மூளையும் கீழ்ஜாதிக்காரன் மூளையும் ரத்தத்திலேயே வேறு என்று சொல்கிற கூட்டம் அது. ஜெர்மனியில் இதே பேச்சைப் பேசித்தான் நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றார்கள். நம் நாட்டில் இது வேதாந்தமாகப் பேசப்படுகிறது. விஞ்ஞானம் என்ன சொல்கிறது? எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ.யில் ஆயிரத்துக்கு ஓர் எழுத்துதான் வேறுபடும். ஹைதராபாத் ஜீவ அணு ஆராய்ச்சி மையமும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்தின் 73 சமூகங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். சுமார் 4,200 வருஷத்துக்கும் 1,900 வருஷத்துக்கும் இடையில் இந்நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்து மணந்திருக்கிறார்கள். பிறகுதான் அந்தக் கலப்பு நின்று, தங்கள் தங்கள் ஜாதிக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூணூல் போட்டவர் முதல் மலைவாசி வரை இரண்டு பழைய கூட்டங்களின் கலப்பும் எல்லோரிடமும் உண்டு, விகிதம்தான் கூடக்குறைய. கலக்காத ரத்தம் என்று யாரும் மார்தட்ட இடமில்லை. ஜாதி, ரத்தத்தில் தோன்றவில்லை. கதவைச் சாத்தியதில் தோன்றியது.

பெரியவரை மறந்துவிடவில்லை. பேச்சு நீண்டுவிட்டது, அவர் இன்னும் முன்வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணே, தகப்பனுக்கும் இருந்தது, மகனுக்கும் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு நோய் பரம்பரை நோய் ஆகிவிடாது. உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆண்களுக்கும் பொதுவாக இருந்தது என்ன? ஜீன் இருந்தது, சரி. அதோடு ஆலையும் இருந்ததே! எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? மெண்டல் செய்ததைப் போல எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் கேட்டோம். உங்கள் தம்பி கட்டுமரத்துக்குப் போனவர். அவருக்கு இளைப்பு இல்லை. தங்கைக்கும் இல்லை. உங்களோடு அதே பகுதியில் நின்ற, வேறு ஜாதி, வேறு வம்சத்துத் தொழிலாளர் இருவருக்கு இருக்கிறது. நோய் ரத்த உறவோடு போகவில்லை, வேலையோடு போகிறது. நாலு பேர் கணக்கு முடிவான சாட்சியம் ஆகாதுதான். ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டுகிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். புளோரூம், கார்டிங் பகுதிகளில் அதிகம். ஆரம்ப காலத்தில் வாரவிடுமுறை கழிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகும். மறுநாளும் அடுத்த நாளும் கொஞ்சம் தேவலை. வருஷக்கணக்கில் தூசியைத் தின்ற பிறகு எல்லா நாளும் இறுகும். பரம்பரை நோய்க்கு விடுமுறை முடிந்த நாள் எது என்று எப்படித் தெரியும்? நீங்களே சொன்னீர்கள், வாலிபத்தில் லீவு முடிந்து போகிற அன்றைக்குத்தான் மூச்சு முட்டும் என்று.

ஒருவருக்குத் தூசி சீக்கிரம் தாக்கும், ஒருவருக்கு மெல்லத் தாக்கும். அந்த வித்தியாசத்தில் ஜீனுக்கும் பங்கு இருக்கலாம். புகைபிடிப்பதும் சேர்ந்து கெடுக்கும். பீடிக் கட்டை ஒளித்து வைக்கிற தோழர்கள் கவனிக்கவும். ஆனால் தூசியே இல்லாத இடத்தில் இந்த நோய் கிடையாது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே பஞ்சுத் தூசி நோய் தொழில் நோயாக ஏறியிருந்தது. 'வம்சத்து நோய்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நஷ்டஈடு இல்லை, தூசியை உறிஞ்சும் இயந்திரம் வாங்கும் செலவு இல்லை, யாருக்கும் பொறுப்பு இல்லை. அந்த ஒரு வார்த்தையின் விலை அவ்வளவு.

புதுச்சேரி ஆலைத் தொழிலாளிக்குப் பரம்பரையாக வந்த ஒன்று உண்டு என்றால் அது எட்டு மணி நேர வேலை. அதுவும் ரத்தத்தின் வழியாக வரவில்லை. 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு தொழிலாளர் குண்டடிபட்டுச் செத்து, மறுவருஷம் பிரெஞ்சு சர்க்கார் சட்டம் போட்டு வந்தது.

பெரியவரின் மகனுக்கு இன்னும் வயது இருக்கிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது, எந்த வருஷம் எந்தப் பகுதியில் வேலை பார்த்தார் என்பதை எழுதி வைப்பது. பதிலியாக நின்ற நாட்களையும் சேர்க்க வேண்டும். பிறகு டாக்டரிடம் போய் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யச் சொல்லி, வேலை விவரத்தைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். இங்கே வந்திருக்கிற மற்றவர்களிலும் ஆலையில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள், இளைப்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும், கூட்டம் முடிந்ததும் மேஜையருகே வந்து பெயரும் பகுதியும் வருஷமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாதவர்களையும் எண்ணினால்தான் கணக்கு கணக்காகும். எழுதிக்கொள்ள இரண்டு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறோம்.